அத்தாவுக்குப் பின்வரிசை

விடியுமுன் எழும் ஆளாக மாற நான் மூன்று முறை முயன்றிருக்கிறேன். கல்லூரியில் ஒருமுறை, போட்டித் தேர்வுக்குப் படித்தபோது ஒருமுறை, பெங்களூரில் வேலை பார்த்தபோது ஒருமுறை. கடைசி முறை, கணக்குப் போட்டால்தான் அலாரம் நிற்கும் என்ற செயலியைப் போனில் ஏற்றினேன். தூக்கத்திலேயே கணக்கைப் போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தேன். எம்.எஸ்சி. கணிதம் படித்ததில் கண்ட ஒரே பலன் அது.

நான்காவது முறை அலாரமே வேண்டியிருக்கவில்லை. அப்பாவுக்கு, எங்கள் வீட்டுப் பேச்சில் அத்தாவுக்கு, ஞாபகம் போய்க்கொண்டிருந்தது.

அதியமான்கோட்டையில் எங்கள் வீடு ஹைவேக்கு இந்தப் பக்கம், பள்ளிவாசல் அந்தப் பக்கம். அத்தா ரோட்டோரம் பஞ்சர் கடை வைத்திருந்தவர். விடியலுக்கு முன் சுபுஹு தொழுதுவிட்டு வந்துதான் கடை திறப்பார். அந்தப் பழக்கத்தில் ஒருநாளும் பிசகு இருந்ததில்லை. முதலில் லாரிக்காரர்களின் பெயர்கள் மறந்தன, பிறகு கடை இருக்கும் இடம், பிறகு நான் என்ன படித்தேன் என்பது. தொழுகைக்கு அழைக்கும் பாங்கு மட்டும் மறக்கவில்லை. இருட்டில் அந்தச் சத்தம் கேட்டதும் கால் தானாக வாசலுக்குப் போகும். வாசலைத் தாண்டினால் நான்கு வழிச் சாலை.

கொஞ்ச நாள் தெருக்காரர்கள் கைப்பிடித்துக் கூட்டிப்போனார்கள். ஒருநாள் தொழுகையின் இரண்டாவது ரக்அத்தில், எல்லோரும் அமைதியாக நிற்கும்போது, “ஸ்டெப்னியக் கழட்டுடா, என்னத்த வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கிற” என்று அதட்டியிருக்கிறார். வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். இன்னொரு நாள் விரிப்பிலேயே ஈரமாக்கிவிட்டார். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கழுவிப் போட்டார்கள். அன்று மதியம் பள்ளிவாசல் ஹஜ்ரத் எனக்குப் போன் செய்தார்.

“அத்தாவ வூட்லயே வெச்சுக்குங்கம்மா. நெனவு தப்புனவங்களுக்குத் தொழுகை கடமையில்ல. அல்லாஹ் கேக்க மாட்டான்.”

“அவரு கேக்குறாரே ஹஜ்ரத்.”

“அப்ப நீங்க கூட நில்லுங்க” என்றார்.

இரவு முழுக்க அத்தாவோடு அம்மா விழித்திருப்பார். நான்கு மணிக்கு மேல்தான் அம்மா அடித்துப்போட்டதுபோல் தூங்குவார். அதனால் காலை என் பொறுப்பு. வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன். வந்த வேகத்தில் ஆயிரம் திட்டம். ஞாபக மறதி பற்றி இரவெல்லாம் படித்து, நிலை, குனிவு, சஜ்தா என்று வரிசையாக அம்புக்குறி போட்ட அட்டை ஒன்று தயாரித்து, அவர் தொழும் திசைச் சுவரில் ஒட்டினேன். அத்தா அதை நகத்தால் சுரண்டி எடுத்தார். “கிப்லா பக்கம் என்னத்தம்மா விளம்பரம் ஒட்டியிருக்கீங்க.” மகளை ‘நீங்க’ என்று அழைக்க ஆரம்பித்திருந்தார். வேறு யாரோ வீட்டுப் பெண் என்று நினைத்திருக்க வேண்டும்.

அட்டை உதவவில்லை, குரல் உதவியது. தொழுகையில் ஓதும் அல்ஹம்து சூரா அவருக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் இருந்தது. எப்போது குனிவது, எப்போது எழுவது என்பதுதான் இல்லை. பெண் முன்னால் நின்று ஆணுக்குத் தொழவைக்க முடியாது. ஆகவே அவருடைய முசல்லா விரிப்பை முன்னாலும் என்னுடையதைப் பின்னாலும் விரித்தேன். பின்னாலிருந்து நான் “அல்லாஹு அக்பர்” என்று தக்பீரைச் சத்தமாகச் சொல்வேன், அவர் குனிவார். மறுபடி சொல்வேன், சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைப்பார். பார்க்க அவர் தொழவைப்பது போலிருக்கும். முடிவில் சலாம் கொடுத்ததும் திரும்பி, “எல்லாரும் வந்துட்டாங்களா?” என்பார். “வந்துட்டாங்க அத்தா.” பிறகு படுத்துத் தூங்குவார். பாங்குக்கும் விடியலுக்கும் நடுவே உள்ள ஆபத்து அன்றைக்குத் தாண்டிவிடும்.

எதையும் இரண்டு வாரத்துக்கு மேல் செய்யாதவள் நான். கிதார், ஜெர்மன் மொழி, ஓட்டப் பயிற்சி, எல்லாம் பாதியில். இதை மட்டும் விடவில்லை. நான் கைகால் கழுவி ஒளு செய்து வந்து நின்றால்தான் ஒரு மனிதர் சாலைக்குப் போகாமல் இருப்பார். இறைபக்தி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. அந்த ஏழெட்டு நிமிடத்துக்காகவே மிச்ச நாள் இருப்பதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு எனக்குத் தொழுகையில்லாத நாள்கள் வந்தன. முதல் மாதம் தங்கை விடுமுறையில் வந்திருந்ததால் அவள் பின்னால் நின்றாள். இரண்டாவது மாதம் யாருமில்லை. இதை முன்கூட்டி யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அந்த நாள்களை ஆண்கள் கண்ணில் படாமல் கடத்தப் பதின்மூன்று வயதிலேயே பழகியிருந்தேன். நோன்பு மாதத்தில் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று தண்ணீர் குடிப்பேன். அத்தா வரும் சத்தம் கேட்டால் வாயைத் துடைத்துக்கொண்டு நோன்பாளி முகத்தோடு வெளியே வருவேன். எங்கள் வீடுகளில் இதை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்று அத்தாவின் முசல்லாவை விரித்தேன். “நீங்க தொழுங்க அத்தா, வந்தர்றேன்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பெற்ற பெண்ணையே அடையாளம் தெரியாத மனிதர் முன்னால் எனக்கு அப்படி ஒரு வெட்கம். அம்மாவை எழுப்பியிருக்கலாம். இப்போதுதான் கண்ணயர்ந்தார் என்று விட்டுவிட்டேன். பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்து, அது பொங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தா குரலுக்குக் காத்திருந்திருப்பார். குரல் வரவில்லை, ஆகவே வரிசையைத் தேடிப் போயிருக்கிறார். தாழ்ப்பாளைப் போட்டேனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பக்கத்துக் காட்டுக்கார அக்கா தக்காளிக் கூடையோடு வண்டிக்காக ரோட்டில் நின்றிருந்தார். அவர்தான் ஓடிவந்து கதவைத் தட்டினார்.

“ஏம்மா, உங்கப்பாரு செருப்பக் கழட்டி ஓரமா வெச்சுட்டு, நடு ரோட்டுல கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாருங்க. நாங் கூப்புடறதுக்குள்ள பைக்கு இடிச்சுப்போட்டுச்சு. உசுரு இருக்குது, வாங்க சீக்கிரம்.”

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. தருமபுரி ஆஸ்பத்திரியில், வராந்தா பெஞ்சில், அம்மா என்னைக் கேட்டார்.

“பக்கத்துல இல்லாம எங்கடி போன?”

“அடுப்படியில இருந்தேன்.”

“தொழுவுற நேரத்துல அடுப்படியில என்னடி வேல?”

அம்மா என் முகத்தைப் பார்த்தார். புரிந்தது. அதற்கப்புறம் இன்றுவரை அதைக் கேட்கவேயில்லை. அம்மா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிளேட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அத்தா மறுபடி நடக்கவில்லை. கட்டிலை கிப்லா பக்கம் திருப்பிப் போட்டோம். சாய்ந்து உட்கார்ந்தபடி தொழுதார். தலையை லேசாகச் சாய்த்தால் குனிவு, இன்னும் கொஞ்சம் சாய்த்தால் சஜ்தா. அடுத்த மாதம் அந்த நாள்கள் வந்தபோது கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

“அத்தா, எனக்கு இந்த வாரம் தொழுகை இல்ல. நான் தக்பீர் மட்டும் சொல்றேன், நீங்க செய்யுங்க.”

“சரிம்மா” என்றார்.

அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு ஒரு மனிதரின் இடுப்பெலும்பு தேவைப்பட்டிருக்கிறது.

மழைக்காலத்தில் சூராவும் குலைந்தது. நடுவரை போய் முதலுக்குத் திரும்பிவிடுவார். மறுபடி நடுவரை, மறுபடி முதல். பிறகு முதல் வரி மட்டும். பிறகு உதடு மட்டும். ஒருநாள் பாங்கு முழுதும் சொல்லி முடிந்தது, அத்தா கண்ணைத் திறந்தபடி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். எதற்கும் அசையவில்லை. “இனிமே தாப்பா போட வேணாம்” என்றார் அம்மா; அத்தா நடக்காமல் போன பிறகும் பழக்கத்தில் போட்டுக்கொண்டுதான் இருந்தோம். அவர் வாசலுக்குப் போகக் கூடாது என்றுதான் இத்தனை பாடும் பட்டோம்.

மறுநாள் நான் எழ வேண்டிய தேவை இல்லை. படுத்தே கிடந்து பார்த்தேன். பாங்கு ஓய்ந்த பிறகு வீடு அப்படியே இருந்தது; யாரும் எங்கும் போகவில்லை, எதுவும் என்னைக் கேட்கவில்லை. அந்த அமைதியில் படுத்திருக்க முடியவில்லை. எழுந்து ஒளு செய்து, கட்டிலுக்குப் பின்னால் என் முசல்லாவை விரித்தேன். இத்தனை மாதமாக என் தொழுகையை நான் தொழவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவருடைய மூச்சையும் அசைவையும் காவல் காத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இப்போது காவல் காக்க ஒன்றுமில்லை. சஜ்தாவில் கேட்க ஆயிரம் இருந்தும் ஒன்றுகூட வாயில் வரவில்லை. பழக்கம் விடாமல் தக்பீரை மட்டும் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சில காலைகளில் அந்தச் சத்தத்தில் அத்தா லேசாக விழிப்பார். போன வாரம் அப்படி விழித்தார்.

“தொழுதாச்சுங்களா?”

“தொழுதாச்சு அத்தா.”

“நானு?”

கடமை இல்லை என்று ஹஜ்ரத் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை.

“நீங்கதான அத்தா முன்னால இருந்தீங்க. நான் பின்னால நின்னேன்.”

யோசிப்பவர்போல் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் சொன்னது பொய்க்கணக்கில் சேருமா என்று ஹஜ்ரத்திடம் கேட்கவில்லை; கேட்கப்போவதும் இல்லை. முசல்லாவை மடித்து வைத்தேன். விடிந்துவிட்டிருந்தது. வெந்நீர் வைத்து, அத்தாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுப் புண்ணைத் துடைக்க ஆரம்பித்தேன்.