லேட் போடாத பெரியப்பா

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலூர் பக்கம் எங்கள் ஊர். ஐயா என்று நாங்கள் கூப்பிடும் தாத்தாவின் அப்பா, அதாவது என் பூட்டன், கூலி வேலை பார்த்துச் சேர்த்த ஒரே வயல் அவர் செத்த பிறகும் அவர் பெயரிலேயே கிடந்தது. பட்டா மாறினால்தான் கிணற்று மோட்டாருக்கு மின்சாரம். பயிரோ கருகிக்கொண்டிருந்தது. வம்சாவளி எழுதி வாருங்கள், இறந்தவர் பெயருக்கு முன்னால் 'லேட்' போடுங்கள், இருப்பவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள் என்று கிராம அதிகாரி சொல்லிவிட்டார். அப்போது நான் ஏழாம் வகுப்பு; வீட்டில் என் கையெழுத்துதான் அழகு. வந்தது வினை.

பூட்டனுக்கு லேட், சரி. ஐயாவுக்கு மூன்று மகன்கள். பட்டாளத்துக்குப் போன பெரியப்பா சண்டையில் காணாமல் போனவர். 'காணவில்லை' என்றுதான் கடிதம் வந்ததாம். பொங்கலன்று செத்தவர்களுக்குச் சாமி முன்னால் இலை போடுவோம். பெரியப்பாவுக்கு மட்டும் எங்களோடு பந்தியில் இலை.

"லேட்டுன்னு போடு தாயி" என்றார் அப்பா.

"போட்டா நான் கைநாட்டு வைக்க மாட்டேன். அவன் செத்ததை எவன்டா பாத்தது?" என்றார் ஐயா.

"அப்ப அண்ணனை வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்றார் சித்தப்பா.

"வருவான்டா. வந்து உன் செவுட்டுலதான் போடுவான்."

லேட் போட்டு எழுதினேன், ஐயா கிழித்தார். போடாமல் எழுதினேன், பெரியப்பாவின் கையெழுத்து எங்கே என்று அதிகாரி திருப்பி அனுப்பினார். இப்படியே ஆறு தாள்கள். மறுநாள் எனக்குக் கணக்குப் பரீட்சை வேறு. இவர்களோடு மாரடிக்க முடியவில்லை.

ஏழாவது தாளில் பெரியப்பாவின் பெயரையே விட்டுவிட்டேன். ஐயாவுக்குக் கீழே இரண்டே கோடுகள்: அப்பா, சித்தப்பா. தாள் எவ்வளவு சுத்தமாக இருந்தது! அப்பா தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மைப்பெட்டியை எடுத்து ஐயா முன்னால் வைத்தார்.

ஐயாவுக்கு எழுத்துத் தெரியாது. "வாசி தாயி" என்றார். தாளில் இல்லாத பெரியப்பாவின் பெயரை முதலில் சொல்லி, மற்ற இரண்டையும் வாசித்தேன்.

"லேட்டுப் போடலையே?"

"போடலைங்கய்யா."

அது பொய்யில்லை.

"இம்புட்டு அழகா எழுதுற புள்ள எந்த வீட்டுல இருக்கு!" என்று சொல்லிக்கொண்டே கட்டை விரலை மையில் அழுத்தித் தாளில் வைத்தார். மிச்ச மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டார்.

தகராறு ஒழிந்தது என்றுதான் நினைத்தேன். பட்டாளத்துக் கடிதம்கூட அவரைக் காணவில்லை என்றுதான் சொன்னது. அவர் பிறக்கவே இல்லை என்று எழுதி, பெற்றவரிடமே கைநாட்டு வாங்கியிருக்கிறேன் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அப்பா அந்தத் தாளோடு முதல் பஸ்ஸில் மேலூருக்குப் போனார். அதிகாரி திருத்தம் எதுவும் சொல்லவில்லை. நான் பரீட்சை எழுதப் போனேன்.