கிளியனூர் பக்கத்து முதியோர் குடியிருப்பில் இரண்டு சாயங்காலம்

மகளுக்கு வைகாசியில் பிரசவம். நானும் மனைவியும் ஆறு மாதம் கனடாவில் இருந்தாக வேண்டும். எங்களோடு இருக்கும் என் அக்கா வசந்தாவை என்ன செய்வது என்பதுதான் தை மாதத்திலிருந்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பேச்சு. அக்காவுக்கு எழுபத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் இணைத்துக் கொடுக்கும் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். புத்தி தெளிவு, காது அதைவிடத் தெளிவு, முழங்கால்தான் சொன்ன பேச்சு கேட்பதில்லை. ஒரே வருடத்தில் இரண்டு முறை குளியலறையில் விழுந்துவிட்டாள்.

எனவே பங்குனிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை நானும் அக்காவும் கிளம்பினோம். விழுப்புரத்தில் ஒரு இல்லம், திண்டிவனம் தாண்டி கிளியனூர் பக்கம் ஒரு குடியிருப்பு, இரண்டையும் பார்ப்பது. ஏதாவது ஒன்று அக்காவுக்குப் பிடித்தால் அங்கேயே பத்து நாள் தங்கிப் பார்ப்பாள். பிடிக்காவிட்டால் நான் டிக்கெட்டை ரத்து செய்வேன், மனைவி மட்டும் போவாள். அக்கா தன் பெட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டே வந்தாள். "திரும்பி வந்து பெட்டி கட்ட எனக்கு முழங்கால் இல்ல" என்றாள்.

எழும்பூரிலிருந்து விழுப்புரத்துக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம். காலையிலேயே கிளம்பிவிட்டால் வெயிலுக்கு முன் இறங்கலாம். விழுப்புரத்து இல்லத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிடம், சுத்தமான இடம், ஆனால் பெண்கள் பகுதி இரண்டாவது மாடியில். லிஃப்ட் வாசலில் ஒரு மரப்பெஞ்சைக் குறுக்கே போட்டிருந்தார்கள். அது எத்தனை நாளாக அங்கே இருக்கிறது என்று பெஞ்சின் மேலிருந்த தூசியே சொன்னது. அக்கா படியை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள், வெளியே வந்துவிட்டோம்.

அங்கிருந்து திண்டிவனத்துக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் நல்ல ஓட்டல் இல்லை. பிறகு புதுச்சேரி சாலையில் ஆட்டோ. கிளியனூருக்குக் கொஞ்சம் முன்னால் இடதுபக்கம் ஒரு மண்சாலை பிரிகிறது, அதில் இன்னும் இரண்டு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் ஐந்நூறு ரூபாய் கேட்டார், கொடுக்கலாம். வழியெல்லாம் மல்லாட்டை (வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர்) பிடுங்கிக் காயப்போட்ட நிலம், நடுநடுவே பனைமரம், கண்ணுக்கெட்டிய வரை ஆளில்லை.

கேட்டுக்கு இருபதடி முன்னாலேயே ஆட்டோவை நிறுத்திவிட்டார் டிரைவர். பெட்டி இருக்கிறது, உள்ளே விடுங்கள் என்றேன்.

"உள்ள வரமாட்டேங்க. பெட்டிய வேணா நான் தூக்கியாந்து கேட்டாண்ட வெச்சிடறேன்."

"ஏங்க, உள்ள விடமாட்டாங்களா?"

"வுடுவாங்க. எனக்குத்தான் பேஜாரா இருக்குது. நெறைய பேர ஏத்திக்கினு வந்திருக்கேன் சார். கூட வந்தவங்கதான் திரும்பி வண்டியில ஏர்றாங்க. பெருசுங்க யாரையும் நான் திரும்ப ஏத்திக்கினு போனதில்ல."

அக்கா முன்னால் நின்று இதைச் சொல்ல வேண்டுமா என்று எனக்குக் கோபம் வந்தது. அக்கா சிரித்தபடி அவருடைய போன் நம்பரை வாங்கி என்னிடம் கொடுத்தாள்.

குடியிருப்பு பார்க்க நன்றாகவே இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். வரிசையாக ஓட்டு வீடுகள், எல்லாம் தரைத்தளம். நான் எதையும் தட்டிப் பார்த்து வாங்குகிற ஆள். குளியலறையில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. தரை வழுக்கவில்லை. கட்டில் பக்கத்திலும் குளியலறையிலும் அவசர மணி இருக்கிறது. அழுத்திப் பார்த்தேன். செல்வி என்ற பணிப்பெண் மூச்சு வாங்க ஓடி வந்தாள். "சும்மா பாத்தேன்மா" என்றதும் என்னை முறைத்தாள். அந்த முறைப்புக்கே பாதி மார்க் போட்டேன்.

உறுத்தியது வேறு. வீடுகளில் முக்கால்வாசி பூட்டியிருந்தன. வெளிநாட்டில் இருப்பவர்கள் பிற்காலத்துக்கு என்று வாங்கிப்போட்டவை என்றார் மேனேஜர். வெள்ளைச் சட்டை போட்ட, குரல் உயர்த்தாத மனிதர். பொழுது சாய ஆரம்பித்ததும் ஒரு ஆள் வந்து பூட்டிய வீடுகளின் வாசல் விளக்கையெல்லாம் போட்டுக்கொண்டே போனான். ஒவ்வொரு வாசலிலும் இரண்டு நாற்காலி, ஒரு கால்மிதி. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லா வீட்டிலும் யாரோ இப்போதுதான் எழுந்து உள்ளே போன மாதிரி இருந்தது. இருப்பவர்களுக்குத் தனியாக இருக்கிறோம் என்று தோன்றக்கூடாதாம். எனக்கு அந்த விளக்குகளுக்கு நடுவில் நடக்கவே பிடிக்கவில்லை.

அன்று இரவு இரண்டு பேரும் தங்கிப் பார்க்க ஒரு வீட்டைக் கொடுத்தார்கள். அதற்குப் பக்கத்து வீட்டில்தான் சுலோச்சனா அம்மா இருந்தார். மரக்காணம் பக்கத்துக்காரர், எண்பது வயது இருக்கும், குச்சி மாதிரி உடம்பு. பச்சைப் புடவை ஒன்றைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தவர் எங்களைக் கூப்பிட்டு, பொதுக் கூடத்தின் வராந்தாவுக்கு அழைத்துப்போனார். அங்கே குடியிருப்பில் உள்ள அத்தனை பேரும், இருபதுக்குள்தான் இருப்பார்கள், ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பேசிக்கொள்ளவில்லை. டிவியை அணைத்துவிட்டிருந்தார்கள். பஜனையோ என்று நினைத்தேன்.

"ஆளுங்க கெளம்புற நேரம்" என்றார் சுலோச்சனா அம்மா.

ஐந்தரைக்கு வேலையாட்களின் வேன் வந்து நின்றது. பகலில் வேலை செய்யும் பெண்கள் எல்லாரும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள். ஒவ்வொருத்தியாக வராந்தா வழியாக வந்து சொல்லிக்கொண்டு போனார்கள். "போயிட்டு வர்றேம்மா." "வர்றேங்க சார், மாத்திரைய முழுங்கிடுங்க." "ஆயா, நாளைக்கு வர்றேன், கேப்பைக் கூழு கொண்டாரேன்." ஒரே சத்தம், சிரிப்பு. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் முகத்தில் சிரிப்பில்லை. மருத்துவமனையில் தன் பெயரைக் கூப்பிடுவார்களா என்று காத்திருப்பவர்களைப் போல இருந்தார்கள். கடைசிப் பெண்ணும் சொல்லி முடித்த பிறகுதான் டிவி போட்டார்கள், பேச்சு வந்தது.

"அவங்க சொல்லிக்கினு போறதக் கேட்டாத்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வருது" என்று அக்காவிடம் சொன்னார் சுலோச்சனா அம்மா. வயதானவர்களின் பாசம் என்று நான் எடுத்துக்கொண்டேன். அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை இட்லி, தேங்காய்ச் சட்னி, குறை சொல்ல முடியாது. சுலோச்சனா அம்மா வரவில்லை. முந்தின இரவு அவர் உட்கார்ந்திருந்த மேஜையைப் பார்த்தேன். நாற்காலி காலியாக இல்லை, நாற்காலியே இல்லை. மற்றவை இடைவெளி தெரியாதபடி நகர்த்திப் போடப்பட்டிருந்தன.

மேனேஜரிடம் கேட்டேன். "பையன் விடியக்காலைலயே வந்து கூட்டிட்டுப் போயிட்டார் சார். ஊருக்கு" என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட நிமிரவில்லை.

பகல் முழுவதும் நான் பார்க்க வேண்டியதைப் பார்த்தேன். டாக்டர் வாரத்தில் மூன்று நாள் வருகிறார். பெரிய ஆஸ்பத்திரி என்றால் புதுச்சேரிக்குத்தான் போக வேண்டும், முக்கால் மணி நேரமாவது ஆகும், இது ஒரு குறை. அக்கா எங்கேயும் வரவில்லை. எங்கள் வாசலில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைப் புடவை இன்னும் அங்கேயே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஊருக்குப் போகிறவர் புடவையை விட்டுவிட்டா போவார் என்று அக்கா கேட்டாள். அவசரத்தில் மறந்திருப்பார் என்றேன், எனக்கே அது நம்பும்படி இல்லை.

ஐந்து மணிக்கெல்லாம் வராந்தாவில் எல்லாரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். டிவி அணைந்தது. வேன் வந்தது. செல்விதான் முதலில் வந்தாள். தலையைக் குனிந்துகொண்டு எங்களைத் தாண்டிப் போனாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்தவளும் அப்படியே. கூழ் கொண்டுவருவதாகச் சொன்ன பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். செருப்புச் சத்தமும் வேன் கதவு சாத்துகிற சத்தமும் தவிர ஒன்றும் கேட்கவில்லை. வராந்தாவில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பார்க்கிறார்கள் என்று கொஞ்சம் பொறுத்துத்தான் எனக்குப் புரிந்தது.

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது நம்மில் யாரும் "போயிட்டு வர்றேன்" என்று சொல்வதில்லை. சொல்லாமல் எழுந்து போய்விடுவோம். அதைத்தான் அந்தப் பெண்கள் செய்தார்கள்.

மேனேஜரைத் தனியாகப் பிடித்தேன். முதலில் மழுப்பினார், பிறகு ஒத்துக்கொண்டார். இரவு தூக்கத்திலேயே போய்விட்டாராம். பின்பக்கத்துக் கேட் வழியாக வண்டியில் ஏற்றி மகனோடு அனுப்பிவிட்டார்களாம்.

"மத்தவங்க மனசு கலங்கக் கூடாதுன்னுதான் சார் சொல்றதில்ல. நாற்காலியக்கூட எடுத்துடறோம். இந்தப் பொம்பளைங்ககிட்டதான் முடியல. எப்பவும்போல சொல்லிட்டுப் போங்கன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். வேலைய வுட்டு வேணா நின்னுக்கிறோம், அத மட்டும் சொல்ல மாட்டோம்ங்கிறாங்க."

அக்காவிடம் வந்து, பெட்டியை எடு, போகலாம் என்றேன். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. ஆறு மாதத்தில் ஒருநாள் அந்தப் பெண்கள் வாய் திறக்காமல் போவது என் அக்காவுக்காக இருக்குமோ என்று நினைத்தேன். அதை அவளிடம் சொல்லவும் செய்தேன்.

"நம்ம வீட்ல இருந்தா மட்டும் சாகாம இருந்துடுவேனாடா?" என்றாள் அக்கா. "மேனேஜர் மறைக்கிறார், சரி. அந்தப் பொண்ணுங்களுக்கு மறைக்கத் தெரியல. நான் போனாலும் என் பின்னாடி அவங்க அப்படித்தான் பேசாம போவாங்க. எனக்கு அது போதும். நான் இருக்கேன். நீ டிக்கெட்ட ரத்து பண்ண வேணாம்."

காலையிலேயே போனில் சொல்லி வைத்திருந்த ஆட்டோ ஆறு மணிக்கு வந்துவிட்டது. பூட்டிய வீடுகளின் வாசலில் விளக்கு ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தது. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அக்கா முன்னால் நின்றேன். அம்பத்தெட்டு வருடத்தில் அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் நான் கடைக்குக்கூடப் போனதில்லை. இப்போது சொல்லவும் கூடாது, சொல்லாமல் விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை. வாயைத் திறந்தேன். அக்கா என் வாயைக் கையால் பொத்தினாள்.

பிறகு சுவரைப் பிடித்து எழுந்து என் கூடவே நடந்தாள். வலிக்கும், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. கேட்டைத் தாண்டி, மதிலைத் தாண்டி, ஆட்டோ நின்ற இடம் வரைக்கும் வந்து நின்றாள். ரொம்ப மூச்சு வாங்கியது.

"இது வெளிய. இப்ப சொல்லு."

"போயிட்டு வர்றேன்கா."

"போயிட்டு வா" என்றாள். திரும்பி அந்த வெளிச்சத்துக்குள் நடந்தாள். டிரைவர் வண்டியை எடுத்தார். திண்டிவனம் வரும் வரை நான் அழுதுகொண்டே வந்தேன்.

பத்து நாள் முடிந்தபோது நான் கூப்பிடப் போனேன், அவள் வரவில்லை. நீங்களும் இந்த மாதிரி இடங்களைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் சில விஷயங்கள். பத்து நாள் தங்கிப் பார்க்க ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய், சாப்பாடு சேர்த்து. மாதக் கணக்கு என்றால் முப்பத்தெட்டாயிரம். முடிவு செய்யும் முன் ஒரு நாளாவது இரவு தங்குங்கள், பகலில் வந்து ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போனால் தோட்டம்தான் தெரியும். கைப்பிடியை இழுத்துப் பாருங்கள், மணியை அழுத்திப் பாருங்கள். இங்கே யாராவது இறந்தால் மற்றவர்களுக்குச் சொல்வீர்களா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். முக்கியமாக, வேலையாட்கள் வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் அங்கே இருங்கள்.

இதை மகள் வீட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கே காலை எட்டு மணி ஆகும்போது அங்கே ஐந்தரை. தினமும் அந்த நேரத்துக்குத்தான் அக்காவுக்குப் போன் செய்கிறேன். பேச்சு ஒன்றும் பெரிதாக இருக்காது. அவள் போனை வராந்தா பக்கம் நீட்டிப் பிடிப்பாள். வர்றேம்மா, வர்றேங்க சார், வசந்தாம்மா வர்றேன் என்று வரிசையாகக் கேட்கும். கடைசியில் நான், "நாளைக்குப் பேசறேன்கா" என்று சொல்லி வைப்பேன்.

நேற்றும் போன் செய்தேன். அக்கா எடுத்தாள். வழக்கம்போல நீட்டிப் பிடித்தாள். செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு வேன் கதவு. யார் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பிறகு எதுவும் சொல்லாமல் போனை வைத்தேன்.