வெந்நீரில் போட்ட கோட்டு

இங்கே கைகுலுக்குவதற்கும் வகுப்பு உண்டு. செவ்வாய்க்கிழமை மாலைகளில், கல்லூரி மாடியில் ஒரு சிறிய அறையில் நாங்கள் வரிசையாக நின்று, திருமதி வாலஸ் என்ற அம்மையாரின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும். "இன்னும் அழுத்தமாக" என்பார். என் முறை வந்தபோது, "நனைந்த துணியைப் பிடித்ததுபோல இருக்கிறது, மறுபடியும் செய்யுங்கள்" என்றார். பின்னால் நின்ற இளைஞர்கள் சிரித்தார்கள். காஞ்சிபுரத்தில் எனக்குத் தெரிந்த வணக்கமெல்லாம் என் சொந்தக் கைகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வதுதான். அந்நியப் பெண்மணியின் கையை எவ்வளவு அழுத்தலாம் என்பதை நாற்பத்தாறு வயதில், நரைத்த தலையோடு கற்றுக்கொண்டேன்.

கம்யூனிட்டி காலேஜ் என்பதை ஊரில் இருப்பவர்களுக்கு விளக்குவது கடினம். நம் கல்லூரிகளைப் போல் வயது, மதிப்பெண் எதுவும் கேட்பதில்லை. வேலை போனவர்கள், பள்ளியைப் பாதியில் விட்டவர்கள், பிள்ளைகள் வளர்ந்தபின் படிக்க வரும் தாய்மார்கள் என்று யாரும் சேரலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுபவருக்கு ஒரு மேஜையில் உதவி கிடைக்கும். அம்மா பாடம் கேட்கும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை இருக்கிறது. நடையின் கோடியில் வேலைப் பயிற்சி அறை. திருமதி வாலஸ் அங்கேதான் இருக்கிறார். இயந்திரத் தொழிற்சாலையில் படம் வரையும் வேலைக்கென்று இந்த நாட்டுக்கு வந்தேன். ஆள்குறைப்பில் என் பெயரும் போயிற்று. இப்போது குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்கிறேன். இதை நான் ஊருக்கு எழுதவில்லை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமமான கூரத்திலிருந்து வரும் அண்ணனின் கடிதங்களில் இன்னமும் "என்ஜினீயர் தம்பிக்கு" என்றே இருக்கிறது. அந்த வரியைத் தாண்டித்தான் மற்ற செய்திகளை நான் படிக்க வேண்டியிருக்கிறது.

போன வாரம் ஒரு நேர்முகத் தேர்வு வந்தது. நகரத்து மருத்துவமனை ஒன்றில் குளிர்சாதன இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், வெள்ளிக்கிழமை காலை. "நல்ல கோட்டு இருக்கிறதா?" என்று திருமதி வாலஸ் கேட்டார். பயணத்துக்கென்று சென்னையில் தைத்த கோட்டைப் போட்டுக் காட்டினேன். முழங்கையில் பளபளப்பும் உள்துணியில் கிழிசலும் இருந்தன. அவர் கிழிசலை விரலால் தொட்டுப் பார்த்தார். புதன்கிழமை என்னை அழைத்து, காகித உறைக்குள்ளிருந்து கரும்சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு ஒன்றை எடுத்தார். "என் கணவருடையது. போன இலையுதிர் காலத்தில் இறந்துபோனார். உங்களுக்கு அளவு சரியாக இருக்கும்" என்றார். வாங்கக் கை நீளாமல் நின்றேன். நன்றியில் வாயடைத்துப் போனேன் என்று எண்ணிக்கொண்டு என் தோளைத் தட்டிக் கொடுத்தார். "வெள்ளிக்கிழமை போகும் வழியில் இங்கே வந்துவிட்டுப் போங்கள். இதைப் போட்டுக்கொண்டு நீங்கள் நிற்பதை ஒருமுறை பார்க்க வேண்டும்" என்றார்.

கூரத்தில் என் அப்பா இறந்த மாதம் நினைவுக்கு வந்தது. அவருடைய வேட்டி, சட்டைகளை அம்மா பின்கட்டு வாசலில் வைத்துவிட்டு எட்ட நின்றாள். எங்கள் நிலத்தில் உழைத்த முனுசாமி மேல்துண்டை விரித்து வாங்கிக்கொண்டான். மறுநாள் காலை அப்பாவின் கோடுபோட்ட சட்டை வரப்பில் நடந்து வந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாப்பா முனுசாமி, அலசிப் போடக் கூடாதா? அவரே வர்ற மாதிரி இருக்குதே."

"மாத்துக்கு வேற சட்டை இருந்தா அலசியிருக்க மாட்டனாம்மா?"

நான் அப்போது லீவில் வந்திருந்த பாலிடெக்னிக் மாணவன். நிழலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். என் கோபமெல்லாம் முனுசாமி மேல்தான் போயிற்று.

கோட்டோடு வீட்டுக்குப் போனேன். என் மனைவி கனகம் ஐயம்பேட்டைக்காரி. எதையும் முதலில் வாசலிலேயே வைத்து விசாரிப்பவள்.

"யாருதுங்க அது?"

"எங்க காலேஜ் அம்மா குடுத்தாங்க. அவங்க வீட்டுக்காரருது. செத்துப்போயிட்டாராம்."

"செத்தவரு துணியா! அத்த இன்னாத்துக்கு ஊட்டுக்குள்ள எடுத்துக்கினு வர்றீங்க? அங்கியே வைங்க."

"வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. போட்டுக்கினுதான் போவணும்."

"அப்ப வெந்நீர்ல போட்டு எடுங்க. பச்சத்தண்ணி ஆவாது."

தெருமுனையில் துணியைத் தண்ணீர் படாமலே வெளுத்துக் கொடுக்கும் கடை இருக்கிறது. அதைச் சொன்னேன். "தண்ணி படாம தீட்டு எப்பிடிங்க போவும்?" என்று கேட்டாள். அவள் கேட்டது எனக்கும் நியாயமாகவே பட்டது. நான் பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெருவில் பல வருடம் குடியிருந்தவன். அங்கே பக்குவம் செய்யாத பச்சைப் பட்டு நூலைச் சோப்பு நீரில் கொதிக்கவிட்டுத்தான் பசையை எடுப்பார்கள். அண்டாவில் போகும்போது மங்கலாக, விறைப்பாகப் போகிற நூல், வெளியே வரும்போது மின்னும். நல்ல சரக்கு கொதிநீருக்கு அஞ்சாது என்பது எங்கள் தெருவில் சிறுபிள்ளைக்கும் தெரியும்.

"காஞ்சிபுரத்தான் எனக்கு நீ துணி அலசச் சொல்லித் தர்றியா?" என்று வேட்டியை மடித்துக் கட்டினேன்.

"ஆமா, இத்தினி வருசமா உங்க பனியன்லாம் தானா வெளுத்துக்கினு கெடக்குது பாரு!"

குளியல் தொட்டியில் கொதிக்கக் கொதிக்க நீர் ஊற்றி, சோப்புத்தூள் கரைத்து, கோட்டை அமிழ்த்தினேன். கழுத்துப் பட்டியில் புகையிலை வாசனை அடித்தது. அந்த இடத்தை மட்டும் தனியாகக் கசக்கித் தேய்த்தேன். வாசனை போனதும் மனதில் ஒரு நிம்மதி ஏற்பட்டதை மறைக்க முடியாது. பிழிந்து எடுத்தபோது சற்றுச் சுருங்கினாற்போல் தெரிந்தது. காய்ந்தால் விரிந்துகொள்ளும் என்று நினைத்து, அறையைச் சூடாக்கும் கருவியின் மேல் விரித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அது கோட்டாக இல்லை. வெந்நீர் பட்ட கம்பளி யானைத்தோல் போலத் தடித்து, இறுகி, பலகையாக நின்றது. கையை நுழைத்தேன். கோட்டுக் கை முழங்கையோடு நின்றுவிட்டது. கனகம் பார்த்தாள். முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

"நம்ம பாப்பாவுக்குப் போட்டா சரியா இருக்கும்ங்க."

பிறகு சிரிப்பு நின்றது. "அந்தம்மாகிட்ட இன்னா சொல்லப்போறீங்க?" என்று கேட்டாள். நான் அதைக் காகிதத்தில் சுற்றினேன். ஏகாம்பரநாதர் கோவில் திருநீற்றை என் நெற்றியில் பூசி, "தைரியமா போங்க" என்று அனுப்பினாள். ஊரிலிருந்து தபாலில் வந்த திருநீறு அது.

திருமதி வாலஸ் அன்று முத்துமாலை அணிந்து காத்திருந்தார். என் பழைய கோட்டைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். நான் மேஜைமேல் பிரித்து வைத்தேன்.

"என்ன ஆயிற்று இதற்கு?"

"துவைத்தேன், மேடம். வெந்நீரில்."

"ஏன்? அழுக்காகவா இருந்தது?"

தீட்டு என்பதற்கு என்னிடம் ஆங்கிலச் சொல் இல்லை. இருந்திருந்தாலும் அவர் முகத்துக்கு நேரே அதைச் சொல்லியிருக்க முடியாது. "எங்கள் வழக்கம்" என்றேன். தம் கணவரைப்பற்றி நான் என்ன நினைத்தேன் என்று அவர் ஒரு கணம் யோசிப்பது தெரிந்தது. பிறகு அந்தச் சிறுத்த கோட்டை எடுத்து, கழுத்துப் பட்டியை மூக்கருகே கொண்டுபோனார். "இந்த வாசனைக்காகத்தான் இத்தனை நாளும் இதை வெளுக்கப் போடாமல் வைத்திருந்தேன்" என்றார். நான் தரையைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் இறந்தவர் நடந்து வருவதுபோல் இருக்கிறதென்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த அம்மாள் அதைப் பார்ப்பதற்காகவே முத்துமாலை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். நான் அதைத்தான் தேய்த்துத் தேய்த்து எடுத்திருக்கிறேன்.

கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் கடிகாரத்தைப் பார்த்து, "நேரமாகிறது, நீங்கள் கிளம்ப வேண்டும்" என்றார். மூலையில், மாணவர்களுக்கு இரவல் கொடுக்கவென்று ஊரார் தந்த கோட்டுகள் ஒரு கம்பியில் தொங்கும். அதிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒன்றை எடுத்து, நான் கைகளை நுழைக்க வசதியாக விரித்துப் பிடித்தார். அது யாருடையது, இருக்கிறாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கில்லை என்று தோன்றியது.

மருத்துவமனையின் கண்ணாடிக் கதவில் என்னைப் பார்த்தேன். பழுப்புக் கோட்டு, கழுத்தில் டை, நெற்றி நிறையத் திருநீறு. உள்ளே வரவேற்பு மேஜைக்காரி நிமிர்ந்து என் நெற்றியைப் பார்த்தாள். அந்தப் பார்வை ஒன்றே போதுமாக இருந்தது. கைக்குட்டையைத் தேடக்கூடப் பொறுமையில்லாமல் கோட்டுக் கையால் நெற்றியை அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். அதிக நேரம் பேசவில்லை. ஒரு குழாயின் படத்தைக் காட்டி விளக்கச் சொன்னார்கள், சொன்னேன். திங்கட்கிழமை முதல் வரச் சொல்லிவிட்டார்கள். குடும்பத்துக்கு மூச்சு வந்தது. எனக்கு மகிழ்ச்சி வர வேண்டிய இடத்தில் காது மடல் எரிந்தது.

கோட்டைத் திருப்பித் தரக் கல்லூரிக்குப் போனேன். வேலை கிடைத்த செய்தியைச் சொன்னதும் திருமதி வாலஸ் உண்மையாகவே மகிழ்ந்தார். கணவரின் கோட்டு மடிக்கப்பட்டு அவர் நாற்காலியின் முதுகில் கிடந்தது. பழுப்புக் கோட்டின் கையில் வெள்ளையாக ஓர் இழுப்பு தெரிந்தது. "சுண்ணாம்பா?" என்று கேட்டார். "என் நெற்றியில் இருந்தது" என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சுத்தம் செய்து தருகிறேன் என்று கை நீட்டினேன்.

"வேண்டாம்," என்றார் அவசரமாக. "தயவுசெய்து நீங்கள் எதையும் துவைக்காதீர்கள்."

சொன்னபின் அவரே சிரித்துவிட்டார். நானும் சிரித்ததாகக் காட்டிக்கொண்டேன்.

அடுத்த நேர்முகத் தேர்வுக்கு ஒருவர் வாசலில் காத்திருந்தார். மெக்ஸிகோக்காரர், என் வயதுதான் இருக்கும். திருமதி வாலஸ் அந்தப் பழுப்புக் கோட்டையே அவருக்கு விரித்துப் பிடித்தார். கோட்டுக் கையில் இருந்த வெள்ளை இழுப்பை வந்தவர் பார்க்கவில்லை. போட்டுக்கொண்டு, பொத்தான்களை மாட்டி, எங்கள் இருவருக்கும் தலையசைத்துவிட்டுப் போனார். ஏகாம்பரநாதர் கோவில் திருநீறு முன்பின் தெரியாத ஒரு மனிதரின் மணிக்கட்டுக்கு மேலே ஒட்டிக்கொண்டு படியிறங்கிப் போயிற்று. நான் வெறும் நெற்றியோடு மாடியில் நின்றேன்.