குதிரைப் பதிவேட்டில் ஒரு பால்பல்

எங்கள் வீட்டு வாசலுக்குள், சப்பாத்து அடுக்கும் தட்டுக்குப் பக்கத்தில், ஒரு குதிரைச் சேணம் கிடக்கிறது. முன்னும் பின்னும் உயர்ந்த மரச்சட்டம், அதன்மேல் வாரால் இறுக்கிக் கட்டிய தோல் தலையணை. சுவிஸ் நாட்டின் லோசான் நகரில் ஐந்தாம் மாடியில் இருக்கிற ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு இது எதற்கு என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். ஆறு வயது மகள் அதில் ஏறியிருந்துதான் சப்பாத்துப் போடுகிறாள். என் கணவர் இரண்டு முறை அதில் தடக்குப்பட்டு, நிலவறைக்குக் கொண்டுபோனால் என்ன என்று கேட்டார். நான் விடவில்லை. அது கீழ்த்தளத்தில் இருந்த, நாங்கள் 'மதாம்' என்று அழைத்த மூதாட்டியுடையது. என் வாழ்க்கையில் நான் உண்மையிலேயே பொறாமைப்பட்ட ஒரே பெண் அவர்தான்.

மகளுக்கு நாலு மாதமானபோது என் பிரசவ விடுமுறை முடிந்தது. குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைக்கவில்லை. மருத்துவமனைச் சமையற்கட்டில் நோயாளிகளின் உணவுத் தட்டுகளை அடுக்கும் வேலை எனக்கு. விடிய முதல் மெட்ரோவில் போகவேண்டும். மதாம் ஓய்வுபெற்ற ஆசிரியை. திருமணம் செய்யாதவர். படிக்கட்டில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளையைத் தன்னிடம் விடும்படி அவராகவே சொன்னார். அவருக்கும் ஒரு வேலை இருந்தது. தன் தாத்தா இருந்த கோசாக் குதிரைப்படைப் பிரிவின் வரலாற்றைப் பல வருடமாக எழுதிக்கொண்டிருந்தார்.

கோசாக்குகள் ரஷ்யப் பேரரசரின் படையில் சேவை செய்த குதிரைவீரர்கள். அந்தப் பிரிவில் நாலு ரெஜிமெண்ட். ஒவ்வொன்றிலும் ஆறு அணி, அணியை அவர்கள் 'நூறு' என்பார்கள். படைக்குப் போகிறவன் தன் குதிரையையும் சேணத்தையும் வாளையும் வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். துப்பாக்கி மட்டும்தான் அரசு கொடுத்தது. மதாமின் தாத்தா தன் 'நூறின்' குதிரைப் பதிவேட்டை எழுதியவர். குதிரையின் பெயர், நிறம், அடையாளம், பல்லைப் பார்த்துக் கணித்த வயது. முதலாம் உலகப் போரில் எந்தக் குதிரை எந்த ஆற்றைக் கடக்கையில் போனது என்பதுவரை அதில் இருந்தது. பேரரசர் வீழ்ந்த பிறகு உள்நாட்டுப் போர். தோற்ற பக்கம் கருங்கடற் கரைக்கு ஒதுங்கியபோது கப்பலில் குதிரைகளுக்கு இடமில்லை. அவர் தன் குதிரையின் சேணத்தைக் கழற்றி, பதிவேட்டை அந்தத் தோல் தலையணைக்குள் திணித்துக்கொண்டு ஏறினார். குதிரை கரையில் நின்றது. தளபதிகளைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள், நான் குதிரைகளிலிருந்து தொடங்குகிறேன் என்பார் மதாம். அவர் எழுதும் மேசையில் பேனாவே இருக்காது. மை பட்டுவிடும் என்று பென்சில் மட்டும்தான். நான் கைகழுவாமல் பதிவேட்டைத் தொட்டதற்கு ஒருமுறை பேச்சு வாங்கினேன்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நான் படித்தது வரலாறு. எங்கள் வீட்டில் இடப்பெயர்வுக்குப் பிறகு அப்பாவின் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. இவர்களுக்கோ குதிரைகளின் பெயர்கள்கூட மிஞ்சியிருந்தன. தட்டு அடுக்கி மரத்துப்போன கையோடு அந்த மேசையைப் பார்க்கும்போது நெஞ்சு எரியும். அதைவிட எரிந்தது, நான் கை நீட்டும்போது மகள் அவருடைய தோளில் முகத்தைப் புதைப்பது. அவர் நாக்கைச் சொடுக்கிக் குதிரை நடக்கிற சத்தம் போடுவார். மகள் உடம்பு குலுங்கச் சிரிப்பாள். வீட்டில் நானும் சொடுக்கிப் பார்த்தேன். என்னை வெறித்துப் பார்த்தாள்.

"பிள்ளை அழாமல் நிக்குது. அதுக்கும் உமக்குக் கவலையோ?" என்றார் கணவர். அவர் சொன்னது நியாயம்தான். நியாயம் என்று தெரிந்ததால் இன்னும் கோபம் வந்தது.

ஒருநாள் மதாம் சொன்னார், கோசாக் வீட்டில் பிள்ளைக்கு முதற்பல் முளைத்தால் சேணத்தில் ஏற்றித் தேவாலயத்துக்குக் கொண்டுபோவார்களாம். உறவினர் ஒரு அம்பையோ துப்பாக்கிக் குண்டையோ பரிசாக முன்னால் வைப்பார்களாம். எங்களிடமும் உண்டு என்று நான் அவசரமாகச் சொன்னேன். தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போலக் குத்திக் கொழுக்கட்டை அவித்துத் தலையில் கொட்டுவோம், பேனா, புத்தகம், நகை எல்லாம் பரப்பி எதை எடுக்கிறது என்று பார்ப்போம் என்று திக்கித் திக்கிப் பிரெஞ்சில் விளங்கப்படுத்தினேன். சொல்லி முடிக்கும்போதே ஒரு பயம் பிடித்தது. பகல் முழுக்கப் பிள்ளை இவரிடம். பல்லை இவர்தானே முதலில் காண்பார்?

தொலைபேசியில் மாமி, கணவரின் அம்மா, அந்தப் பயத்துக்கு எண்ணெய் ஊற்றினார். "முதற்பல்லைத் தாய்தான் காண வேணும், பிள்ளை. நீர் வேலை வேலையெண்டு ஓடுறீர். அந்த வெள்ளைக்காரி கண்டிடப்போறா, பாரும்."

அன்றிலிருந்து, பிள்ளை வாயைத் திறந்து தந்த மாலைகளில் எல்லாம் பல்முரசைத் தடவிப் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை காலை, கூழ் ஊட்டும்போது கரண்டியில் 'டிக்' என்றது. கரண்டியும் கையுமாக, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினேன். மதாம் மூக்குக்கண்ணாடியை மாட்டி, குனிந்து பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டார். தான் கவனிக்கவே இல்லை என்றார். குதிரையின் பல்லைப் பார்த்து வயது சொல்கிற உங்களுக்கு இது தெரியவில்லையா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். ஆனால் குத்தத்தான் கேட்டேன். கண் பழுதாகிவிட்டது என்றார், அவரும் சிரித்தார்.

அடுத்த நாள் கொழுக்கட்டை கொட்டும்போது அவர் அந்தச் சேணத்தைத் துடைத்து மினுக்கி, மின்தூக்கியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். பிள்ளையை ஒரு நிமிடம் அதில் இருத்தலாமா என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இன்றைக்கு வேண்டாம், மதாம்," என்றேன். "இது எங்கள் சடங்கு."

அவர் தலையசைத்து, சேணத்தை வாசல் நடைக்குள் சுவரோடு சாய்த்துவிட்டு வந்து, நான் கொடுத்த கொழுக்கட்டையைச் சாப்பிட்டார். போகும்போது தானே அதைத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த மாதம் காப்பகத்தில் இடம் கிடைத்தது. மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்தால் பாஷை வரும் என்று எல்லோரிடமும் சொன்னேன். அவரிடமும் அதையே சொன்னேன். அதன்பிறகு நாங்கள் வாசலைக் கடக்கும்போது யன்னலில் நின்று கை காட்டுவார். நான் பெரும்பாலும் பிந்திவிட்டது என்று சைகை காட்டிவிட்டு நடப்பேன்.

பிறகு அவர் முதியோர் இல்லத்துக்குப் போனார். இரண்டு முறை போய்ப் பார்த்தோம், இன்னும் போயிருக்கலாம். கடந்த குளிர்காலத்தில் இறந்தார். வரலாற்றின் தாள்கள் ஓர் ஆவணக் காப்பகத்துக்குப் போயின. சேணம் மட்டும் மகளின் பெயர் எழுதிய துண்டோடு எங்களுக்கு வந்தது. தலையணையின் வாரை அவிழ்த்துத் தூசி தட்டியபோது உள்ளே பதிவேடு இருந்தது. அதுவும் ஆவணக் காப்பகத்துக்குப் போகவேண்டியது. கைகழுவிவிட்டு வந்து திறந்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் பக்கம் பக்கமாகக் குதிரைகள். கடைசிக் குதிரைக்குக் கீழே, அதே கட்டங்களுக்குள், மதாமின் பிரெஞ்சுக் கையெழுத்து. பெயர் என்ற இடத்தில் என் மகளின் பெயர். நிறம்: தேன். அடையாளம்: இடது காதுக்குப் பின்னால் மச்சம். பல்: கீழே, இடது, வியாழக்கிழமை. பக்கத்தில் ஒரு குறிப்பு: தாய் இன்னும் காணவில்லை. சொல்லக்கூடாது.

பென்சிலால் அல்ல, மையால் எழுதியிருந்தார்.

நான் கண்டது சனிக்கிழமை. இடையில் இரண்டு நாள், காலையும் மாலையும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருந்திருக்கிறார். நான் குத்தியபோதும் சிரித்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. நன்றி வந்திருக்க வேண்டும், வந்ததுதான். ஆனால் முதலில் வந்தது பழைய எரிச்சல்: வியாழக்கிழமையே கண்டுவிட்டாரே! ஆள் போய்விட்ட பிறகும் எனக்கு அந்த இரண்டு நாள் வேண்டியிருந்தது.

போன வியாழக்கிழமை மகளுக்குப் பல் தீட்டிவிடும்போது, அதே கீழ் இடது பல் என் விரலில் மெல்ல ஆடியது. கணவரைக் கூப்பிட வாய் திறந்தேன். பிறகு வாயைக் கொப்பளிக்கச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தேன். வெள்ளி போனது. சனி போனது. சொல்லாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது.

இன்று காலை பள்ளிக்கூடம் போக, அவள் சேணத்தில் ஏறியிருந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று கையை எடுத்து வாய்க்குள் விட்டாள்.

"அம்மா, என்ர பல்லு ஆடுது. நான்தான் முதல் கண்டது, என்ன?"

நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவள் முன்னால் குந்தி, வாய்க்குள் நன்றாகப் பார்த்தேன்.

"அப்பிடியோ? நான் கவனிக்கவேயில்லையே, பிள்ளை."