நான் ‘எஸ்’ போட்ட ஃபாரங்கள்

1. சர்வே வந்தது

முனிரத்தினம்ன்ற பேரைக் கேட்டாலே எனக்கு வயித்தெரிச்சல். ரிட்டயராகி இத்தனை வருஷம் ஆகியும் அடங்கலை. மறைச்சு எழுத எனக்கு இஷ்டமில்லை.

ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஹெல்த் அசிஸ்டெண்டா சேர்ந்தோம். சித்தூர் ஜில்லாவில, புத்தூர் பக்கம். வீடு வீடாப் போய் காய்ச்சல்காரங்களுக்கு ரத்தம் எடுக்கிறது, வந்த தேதியைச் செவுத்துல எழுதறது, இதான் வேலை. சனங்க எங்களை ‘மலேரியா சார்’னு கூப்பிடுவாங்க. நான் மாடா உழைப்பேன். அவன் போற வீட்லெல்லாம் உக்காந்து கதை பேசுவான். ஆனா சனங்களுக்கு அவனைத்தான் பிடிக்கும்.

ஊருக்கு ஊர் எஸ்.டி.டி. பூத் வந்து, ஆம்பளைங்க பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன சமயம் அது. ஆஸ்பத்திரிகளைச் சரி பண்ண கவர்மெண்ட் ஒரு வெளிநாட்டு பேங்குகிட்ட கடன் கேட்டிருந்தது. அவங்க ஒரு கண்டிஷன் வெச்சாங்க. இனிமே இலவசம் கூடாது, சீட்டுக்கும் டெஸ்டுக்கும் கட்டணம் வாங்கணும். சனங்க கட்டுவாங்களான்னு பார்க்க ஒரு சர்வே. அதை எங்க தலையில கட்டினாங்க.

எங்க பெரிய டாக்டர் மீட்டிங்குல சொன்னார்: “நல்லா பண்றவனுக்குத் திருப்பதி ப்ராஜெக்ட் ஆபீஸ்ல போஸ்டிங். ஜீப் உண்டு, கம்ப்யூட்டர் உண்டு.”

நான் முனிரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்துச் சிரிச்சான். எனக்குப் பத்திக்கினு வந்தது. அந்தப் போஸ்டிங் எனக்குக் கிடைக்கலன்னாலும் பரவாயில்லை, அவனுக்குப் போகக் கூடாது.

2. கட்டுவீங்களா?

ஆஸ்பத்திரியில கட்டணம் வெச்சா கட்டுவீங்களா? எஸ், நோ, ரெண்டே கட்டம். இதான் முக்கியமான கேள்வி.

எங்க பக்கத்துல வெளியாளு ஒருத்தன் வாசல்ல நின்னு ‘உன்னால முடியுமா’ன்னு கேட்டா, முடியாதுன்னு ஒருத்தரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க. மொத வீட்ல மல்லிகான்னு கூலி வேலைக்குப் போற அம்மா. நான் கேட்டு முடிக்கலை, எகிறினாங்க.

“இன்னா சார் இப்படிக் கேட்டுட்ட? புள்ளைக்கு ஒண்ணுன்னா காதுல கீறதை வித்தாவது கட்ட மாட்டனா? எங்களை இன்னான்னு நெனச்சிக்கினு கீற?”

காதுல தோடு இல்லை, வேப்பங்குச்சிதான் இருந்தது. நல்லாவே பார்த்தேன். பார்த்துட்டு எஸ்ல டிக் அடிச்சேன்.

வீட்டுக்கு வீடு இதே கதைதான். நான் நிக்கலை, ஓடினேன். என் ஃபாரக் கட்டு முடிஞ்சப்போ முனிரத்தினம் பாதிகூடத் தாண்டலை.

ஃபாரம் கொடுத்த அன்னிக்கு பெரிய டாக்டர் அவன் காகிதத்தைத் தூக்கிக் காட்டி, “ஏமய்யா, இதி ஃபாரமா, உத்தரமா?”ன்னு தெலுங்குல கத்தினார். ஃபாரத்தைக் கேட்டா லெட்டர் எழுதிக்கினு வந்திருக்கியேன்னு அர்த்தம். கட்டம் எல்லாம் காலி, ஓரத்துல பொடிப் பொடியா எழுத்து. இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்த முடியாதுன்னு தள்ளி வெச்சிட்டார். என் கட்டு அன்னிக்கே ஹைதராபாத் போச்சு. நான் வீட்டுக்குக் கறி வாங்கிக்கினு போனேன்.

3. போஸ்டிங்

அடுத்த மாசம் பேங்கு சார்பா கன்சல்டெண்ட் அம்மா ஒருத்தங்க வந்தாங்க. அந்தத் தள்ளி வெச்ச காகிதத்தைக் கேட்டு வாங்கிப் படிச்சாங்க. “இவருக்குத்தான் சனங்களைத் தெரியுது”ன்னு முனிரத்தினத்தை ஜீப்புல ஏத்திக்கினு போயிட்டாங்க. அவன் “வரேன்டா ஏகாம்பரம்”னான். மூணு நாள் சோறு இறங்கலை எனக்கு.

அப்புறம் கட்டணம் வந்தது. சனங்களே சம்மதம் சொல்லியிருக்காங்கன்னு ஆர்டர்ல போட்டிருந்தது. சீட்டு எழுதற அட்டெண்டர் லீவ் போட்டதால என்னைக் கவுண்டர்ல உக்கார வெச்சாங்க. ஒருத்தர் பொண்ணைத் தோள்ல போட்டுக்கினு வந்தார். குழந்தைக்கு அனலாக் கொதிக்குது. கட்டணத்தைச் சொன்னேன். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

“பணம் வண்டியில கீது சார். தோ, எடுத்தாந்துடறேன்.”

அவர் நடந்து வந்ததை நான் ஜன்னல் வழியாப் பார்த்திருந்தேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடலை. அவர் திரும்பி வரவே இல்லை. அந்தக் குழந்தை என்ன ஆச்சோ, எனக்குத் தெரியாது.

ரொம்ப நாள் கழிச்சு திருப்பதி பஸ் ஸ்டாண்டுல முனிரத்தினத்தைப் பார்த்தேன். அந்த ஓரத்துல என்னதான்டா எழுதினன்னு கேட்டேன்.

“கட்டுவேன்றாங்க, ஆனா மானத்துக்குச் சொல்றாங்க, வீட்ல ஒண்ணும் இல்ல. எல்லாத்துலயும் அதேதான் எழுதினேன்.”

“அப்புறமும் எப்படிடா கட்டணம் வந்தது?”

“மேல முடிவு பண்ணிட்டுத்தான்டா நம்மளைக் கேட்டாங்க. ஆனா சனங்க சம்மதம்னு காட்ட அவங்களுக்கு ஒரு காகிதம் வேணும். அந்தம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாங்க. ஆனா மேல இருக்கறவங்க கையில இருந்தது உன் ஃபாரம்தானே.”

சர்வேக்குப் போற பிள்ளைங்களுக்கு நான் சொல்றது இதான். பதிலை மட்டும் எழுதாதீங்க, சொன்னவங்களைப் பார்த்து, பார்த்ததையும் எழுதுங்க. கட்டம் இல்லன்னா ஓரத்துல எழுதுங்க.

ஜீப்பு மேல எனக்கு இப்போ ஆசை இல்லை. ஆனா முனிரத்தினம் இன்னிக்கும் நாங்க சர்வே எடுத்த ஊர்களுக்குக் கல்யாணம், காரியம்னு போறான். “நீயும் வாடா”ன்னு கூப்பிடறான். அவனுக்கென்ன, போவான். நான் எந்த மூஞ்சியை வெச்சிக்கினு போறது?