ரோமிலிருந்து வந்த மாதா

எங்கள் வீட்டில் புனிதர்களுக்கெல்லாம் அம்மா வேலை பிரித்துக் கொடுத்திருந்தாள். தொலைந்த சாமானுக்கு ஒருவர், தொண்டை வலிக்கு ஒருவர், பரீட்சைக்கு ஒருவர். பரீட்சைக்காரர் பிற்பாடு என்னை எட்டாம் வகுப்போடு கைகழுவிவிட்டார், அது வேறு விஷயம். அப்பா மடியிலிருந்து அந்தத் தங்க வட்டத்தை எடுத்து நீட்டியபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, இது எந்தப் புனிதர் என்பதுதான்.

நாமகிரிப்பேட்டையில் ஒரு மஞ்சள் காட்டுக்குத் தண்ணிக் குழாய் புதைக்கப் பள்ளம் தோண்டப் போன இடத்தில் அப்பாவுக்குக் கிடைத்தது. ஒரு பக்கம் ஆணின் தலை, சுற்றிலும் எழுத்து. மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், கையில் கிளை. கயிறு கோக்க ஓட்டையும் இருந்தது.

"மாதாவேதானுங்க. லீலிப்பூ புடிச்சிருக்குது பாருங்க," என்றாள் அம்மா.

கடையில் காட்டலாம் என்றார் அப்பா. அம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கறுப்புக் கயிற்றில் கோத்து, காய்ச்சலில் கிடந்த தங்கச்சியின் கழுத்தில் கட்டினாள்.

"எனக்குக் காச்சல் வந்தா மட்டும் தகர மெடலா?" என்று கேட்டு முதுகில் ஒன்று வாங்கினேன்.

மறுநாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. தங்கச்சிதான் எழுந்திருக்கவில்லை. கை கால் சில்லென்று இருந்தது. அம்மா நன்றி சொல்லி ஜெபமாலை உருட்டினாள்.

பங்குச் சாமியார் பார்க்க வந்தார். ரோமில் படித்தவர். வட்டத்தைப் பார்த்ததுமே, "இது ரோம்ல செஞ்சதும்மா. எழுத்து லத்தீன்," என்றார். அம்மாவின் முகம் மலர்ந்தது. தலையைச் சுற்றியிருந்த எழுத்தை விரல் வைத்துப் படித்து முடித்தவர், தங்கச்சியின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்பாவை வெளியே கூப்பிட்டார்.

வெளியே அவருடைய வண்டியின் ஹாரனை நான் அமுக்கப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"ஆண்டவரச் சிலுவையில அறஞ்சப்ப ரோமாபுரிய ஆண்ட ராஜாப்பா அது. அவன் போட்ட தங்கக் காசு. அந்தக் காலத்துல மொளகு வாங்க வந்தவங்க விட்டுட்டுப் போனது. அது மாதா இல்ல. காச்சல் எறங்குனா நல்லாயிருச்சுன்னு நெனக்காத. இப்பவே சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

அப்பா உள்ளே போனார்.

"ஏனுங்க, சாமி என்ன சொன்னாருங்க?"

"புள்ளைய சேலத்துக்குக் கொண்டு போகச் சொல்றாரு. கெளம்பு."

"ரோம்ல இருந்து மாதாவே ஊடு தேடி வந்துருக்குது. நாம ஆஸ்பத்திரிக்கு ஓடுனா என்னன்னு நெனைக்கும்? நாளைக்குப் பாக்கலாங்க."

அப்பா வாயைத் திறந்தார். அம்மா அந்த வட்டத்தை எடுத்துத் தங்கச்சியின் உதட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

விடிவதற்குள் தங்கச்சி போய்விட்டாள்.

அடக்கத்தின்போது அதைக் கழற்ற அம்மா விடவில்லை. பெட்டியை மூடும் முன் அப்பாவைக் கூப்பிட்டு, "மாதாவுக்கு முத்தம் குடுங்க," என்றாள். சாமியார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா குனிந்து முத்தமிட்டார். பிறகு எழுந்திருக்க அவரால் முடியவில்லை. சித்தப்பாதான் தூக்கிவிட்டார்.

ஆண்டவர் காலத்துச் சாமான் எங்கள் வீட்டில் இருந்தது என்று எனக்கு ஒரே பெருமை. அவ்வளவு பெரிய தங்கம் மண்ணுக்குள் போகிறதே என்றுதான் அப்பா அழுகிறார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.