குப்பை வண்டியில் கட்டிய கரடி

எங்கள் தெருவுக்கு வரும் குப்பை வண்டியின் முகப்பில் ஒரு கரடி பொம்மை கட்டியிருந்ததை நான் பார்த்தது போகிக்கு மூன்று நாள் முன்பு, வெள்ளிக்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு. அது எங்கள் வீட்டுக் கரடி.

அடையாளத்தில் தவறு இல்லை. வயிற்றின் குறுக்கே தடித்த பழுப்பு நூலில் ஒரு தையல் உண்டு. மகள் ஏழாம் வகுப்பு படித்தபோது வயிறு பிரிந்து பஞ்சு கொட்டியது. நான் வேலை பார்க்கும் ஆம்பூர் ஷூ கம்பெனியில், குளிர்நாட்டு பூட்ஸுக்குள் வைக்கும் ஆட்டு ரோமத்தில் வெட்டுத் துண்டுகள் மிஞ்சும். அதைக் கேட்டு வாங்கி வந்து அடைத்தேன். ஷூ தைக்கும் நூலால் மனைவி தைத்து மூடினாள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மகள் கோயம்புத்தூர் கல்லூரி விடுதிக்குப் போன ஆடி மாதத்திலிருந்து அந்தக் கரடியைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டுதான் நான் தூங்கினேன். வயது ஐம்பத்திரண்டு. தோள்வலிக்கு அணைப்பாக இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். அவள் "சரி" என்றாள். அந்த "சரி" கொஞ்சம் நீளமாக இருந்தது. பகலில் யார் கண்ணிலும் படாதிருக்க, கட்டிலுக்கடியில் கிடந்த பழைய துணி மூட்டைக்குள் அதைச் செருகி வைப்பேன். அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது என்று நினைத்திருந்தேன்.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தபோது மூட்டையே இல்லை. போகியில் எரித்துப் புகை கிளப்ப வேண்டாம் என்று பழைய துணிகளை வாங்கிக்கொள்ளக் குப்பை வண்டி வந்ததாம், மனைவி அதில் போட்டுவிட்டாளாம். தோள்வலிக்காரன் கரடியைப் பற்றி என்னவென்று கேட்பான்? நாட்குறிப்பில் "தூக்கம் இல்லை" என்று மட்டும் எழுதினேன்.

வெள்ளியன்று வண்டியில் பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. கரடிக்குக் கண் இல்லை. கண்களாக இருந்தவை அவள் தைத்த இரண்டு கோட்டு பட்டன்கள். பிய்ந்து விழுந்திருந்தால் நூல் தொங்கும். இது கத்தரியால் வெட்டியது. பழைய சட்டை எதையும் பட்டனை வெட்டி எடுக்காமல் அவள் வெளியே கொடுத்ததில்லை. ஆக, மூட்டையைப் பிரித்திருக்கிறாள். கரடியைக் கையில் எடுத்திருக்கிறாள். தெரிந்தேதான் போட்டிருக்கிறாள். என்னைப் பற்றி இன்னும் என்னென்ன தெரியுமோ?

வண்டியை நிறுத்த அன்று தைரியம் வரவில்லை. மறுநாள் காலை ஆறரைக்கே வாசலில் நின்றேன். வண்டி ஓட்டி வருபவர் நாற்பது வயதுப் பெண்மணி.

"அம்மா, அந்தப் பொம்மைய குடுத்துடுங்க. எங்களுது."

"இன்னா சார், முந்தாநாள் குப்பைன்னு போட்டீங்க, இன்னிக்கு எங்களுதுன்றீங்க?"

"தெரியாம போட்டுட்டாங்க."

அவர் கரடியின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "உள்ள இன்னா வச்சிருக்கீங்க? நகையா?"

"ஆட்டு ரோமம்."

"அதான பாத்தேன்! கட்டுனதிலேந்து தெரு நாயெல்லாம் வண்டியத் தொரத்துது."

எதிர்வீட்டுக்காரர் வாளியோடு வந்து நின்றார். "நல்லா அமுக்கிப் பாரும்மா. சார் சும்மா கேக்குற ஆளு இல்ல."

அந்தம்மாவின் முகம் மாறியது. மூட்டை பிரிக்கும் கத்தியை எடுத்தார். "பிரிச்சுக் காட்டிடறேன், எல்லாரும் பாருங்க. அப்புறம் எடுத்துக்கினு போங்க. நாளைக்கு உள்ள இருந்தது காணோம், அவதான் எடுத்துட்டான்னு எம்மேல பேர் வரக் கூடாது."

அவர் பக்கம் நியாயம் இருந்தது. நான் கையை நீட்டித் தடுத்தேன். "பிரிக்காதீங்க. உள்ள ஒண்ணும் இல்ல."

"அப்ப எதுக்கு இவ்ளோ அவசரம்? பொண்ணு அழுவுதா?"

"பொண்ணு கோயம்புத்தூர்ல படிக்குது."

"அப்ப யாருக்கு?"

வேறு பதில் தேடினேன். கத்தி தையலின் மேல் இருந்தது. "எனக்குத்தாம்மா. இது இல்லாம தூக்கம் வரல."

எதிர்வீட்டுக்காரர் வாளியைக் கீழே வைத்துவிட்டார். அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். "எங்க வூட்டுக்காரரு குடிச்சாதான் தூங்குவாரு. இது எவ்ளோ தேவல. புடிங்க."

திரும்பினால், கேட்டருகே மனைவி குப்பைக் கூடையோடு நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"தோள்வலின்னீங்க."

"கண்ண ஏன் வெட்டுன?"

"மூட்டைல போட்டது நீங்க. சரி, பொண்ணு நெனப்பு கம்மியாயிடுச்சு போல, அதான் போட்டுட்டாருன்னு நெனச்சேன். பட்டன் நல்ல பட்டன்."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?"

"ஒளிச்சு வச்சத எப்படிங்க கேக்குறது?"

பதில் சரியாகப் பொருந்தியது. இவ்வளவு சரியாகப் பொருந்துகிற பதிலை நான் சாதாரணமாக நம்புவதில்லை. ஆனாலும் கரடியை அவளிடம் கொடுத்தேன். சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, காதில் கிளிப் மாட்டி மொட்டை மாடிக் கொடியில் தொங்கவிட்டாள். காய இரண்டு நாள் ஆயிற்று. தெரு முழுக்கப் பார்த்தது. காய்ந்ததும் கண்களைத் தைத்தாள்.

இப்போது அது பகலிலும் கட்டில் மேலேயே கிடக்கிறது. ஒளிக்க என்ன இருக்கிறது? ஆனால் மாசி பிறந்ததிலிருந்து ஒன்றைக் கவனித்து வருகிறேன். படுக்கும்போது கரடி என் பக்கம் இருக்கிறது. விழிக்கும்போது அவள் பக்கம் இருக்கிறது. போன வாரத்தில் மட்டும் நான்கு முறை. நேற்றுக் காலை கேட்டேவிட்டேன்.

"உருண்டு வந்திருக்கும்," என்று சொல்லிப் போர்வையை மடித்தாள்.

நடுவில் இரண்டு தலையணை இருக்கிறது.